காசில்லா யுத்தம்

தோட்டத்துக் கிராணி உத்தியோகம் பார்ப்பவனுக்குப் பொழுதுபோக்கு ஒரு கேடா என்று கேட்பவர் உண்டு. பகல் முழுவதும் செம்பனைக் குலைகளின் எடையையும் ஆட்களின் பேர்க் கணக்கையும் எழுதி, மாலையில் கண்ணெரிச்சலோடு வீடு திரும்புகிறவன் குளித்து உண்டு உறங்குவதன்றி வேறென்ன செய்வான் என்பது அவர்கள் எண்ணம். எனக்கோ ஒன்றுக்கு இரண்டு பொழுதுபோக்குகள். ஒன்று, கணினியில் ஆடும் போர்த்தந்திர விளையாட்டு. மற்றொன்று, போரைச் சார்ந்த இடங்களையும் பொருள்களையும் புகைப்படம் எடுத்தல். இரண்டும் யுத்தத்தைப் பற்றியவை. சமாதானம், சமத்துவம் என்று ஓயாது பேசும் இப்பத்திரிகையின் வாசகர்கள் இதைக் கேட்டு முகஞ்சுளித்தல் இயல்பே. சுளிப்பதற்கு முன்னர் என் வழக்கைச் சற்றுக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

நான் சொல்லும் விளையாட்டு, பொத்தானைப் படபடவென்று அழுத்திக் கண்ணிற் பட்டவரையெல்லாம் சுட்டுத்தள்ளும் வகையைச் சேர்ந்ததன்று. சதுரங்கம் போல் முறைவைத்து ஆடுவது. நான் என் படையை நகர்த்தியபின் எதிரி தன் படையை நகர்த்துவான். அதுவரை நான் காத்திருக்க வேண்டும். என் முறை வந்துவிட்டாலோ எவ்வளவு நேரம் வேண்டுமாயினும் சிந்திக்கலாம். நடுவில் மேனேஜர் துரை கூப்பிட்டனுப்பினால் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வரலாம். சேனை நின்ற இடத்தில் நிற்கும். உலகத்தில் இவ்வளவு பொறுமையுள்ள சேனை வேறு எங்கும் இல்லை.

இவ்வகை விளையாட்டுக்களுள் மேலான சில காசு கொடாமலே கிடைக்கின்றன என்பதைப் பலர் அறியார். ‘ஃப்ரீசிவ்’ என்பது 1995-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் தொடங்கியது. ‘வெஸ்நோத்’ என்பது டேவிட் வைட் என்பவர் 2003-இல் முதன்முதல் வெளியிட்டது. இரண்டையும் அதன் பின்னர் உலகின் பல மூலைகளிலிருந்து முகமறியாத மனிதர்கள் கூலியின்றி வளர்த்து வருகின்றனர். இவற்றின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். ஆனால் அவ்வாறு வழங்குகிறவர், தமக்குக் கிடைத்த அதே உரிமையைப் பெறுகிறவருக்கும் தந்தாக வேண்டும். இந்நிபந்தனையை ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1989-இல் ஓர் உரிமப் பத்திரமாகவே எழுதி வைத்தார். தமிழில் இதனைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம், நல்ல சொல். அறிவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் கூட்டத்தைப் பற்றி நாம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். பூட்டே போடாத கூட்டம் ஒன்றும் உலகத்தில் இருக்கிறது என்பதை நான் மேடைப் பேச்சினால் அறிந்தேனில்லை. ஒரு விளையாட்டினால் அறிந்தேன்.

விளையாட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் என் ஆசை விளங்காது. வெஸ்நோத்தின் களம் ஆறுகோணக் கட்டங்களால் ஆனது. காடு, மலை, சதுப்பு, ஆறு என்று கட்டத்துக்குக் கட்டம் நிலம் மாறும். காட்டில் நிற்கும் வனவாசி மேல் எய்த அம்பு பெரும்பாலும் தவறும். அவனே வெட்டவெளிக்கு வந்தால் தொலைந்தான். நாளொன்றை ஆறு பொழுதாகப் பகுத்திருக்கிறார்கள். பகலில் வலுக்கும் படையும் உண்டு, இரவில் வலுக்கும் படையும் உண்டு; அந்தந்தப் பொழுதில் நூற்றுக்கு 25 வீதம் ஏறும் அல்லது இறங்கும். ஆகையால் பகைவனை எங்கே தாக்குவது என்பதைவிட எப்பொழுது தாக்குவது என்பதே பெரிய கேள்வியாகிறது. அஃதன்றியும், ஊர்களைப் பிடித்தால் பொன் வரும். சேர்த்த சிப்பாய்களுக்கோ ஒவ்வொரு முறையும் செலவு உண்டு. பிடித்த ஊர்கள் தாங்கும் அளவுக்கு மேல் படையைப் பெருக்கினால் பொக்கிஷம் வறண்டுபோகும். வீராவேசமாய்ப் படை திரட்டும் இளைஞர்கள் பத்தாம் முறையில் சம்பளம் கொடுக்க வழியின்றி விழிப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். கணக்கெழுதிப் பிழைக்கும் நானோ அந்த இடத்தில்தான் வெல்கிறேன். அலெக்சாந்தர் முதல் நெப்போலியன் வரை எல்லாப் பெருவீரர்களுக்கும் பின்னால் ஒரு கிராணி உட்கார்ந்து ரொட்டிக் கணக்கு எழுதியிருப்பான் என்பது என் துணிபு. சரித்திர ஆசிரியர்கள் அவன் பெயரை எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

இந்த ருசி எனக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் வந்ததன்று. அங்கே வந்தது இதன் பெயர்கள் மட்டுமே. ருசியைக் கொடுத்தவர் என் பாட்டி. தோட்டத்து லயத்தின் சிமெந்துத் தரையில் கரிக்கட்டியால் கோடு கிழித்து, மூன்று கூழாங்கற்களைப் புலியாகவும் பதினைந்து ரப்பர் கொட்டைகளை ஆடாகவும் வைத்து ஆடுபுலியாட்டம் கற்பித்தார். அதில் இரு பக்கமும் சமமல்ல. புலி தாண்டித் தாண்டிக் கொல்லும். ஆட்டுக்கோ கொல்லும் வழியே கிடையாது. ஒன்றோடொன்று நெருங்கி நின்று, புலிக்குக் கால்வைக்க இடமில்லாமற் செய்வது ஒன்றே அதன் தந்திரம். பாட்டி எப்பொழுதும் ஆட்டின் பக்கமே ஆடுவார், பெரும்பாலும் வெல்வார். சென்னையில் பிறந்த குகேஷ் என்னும் இளைஞர் 2024 டிசம்பரில் பக்கத்துச் சிங்கப்பூரிலே, 18 வயதில் சதுரங்க உலக வாகை சூடியபொழுது எனக்குப் பாட்டியின் ரப்பர் கொட்டைகளே நினைவுக்கு வந்தன.

நிற்க. தமிழ்ப்பள்ளி ஆசிரியராயுள்ள என் தோழர் ஒருவர் ஒருநாள் என்னை மடக்கினார். “போரை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டு இரவெல்லாம் போர் செய்கிறீரே! ஞாயிற்றுக்கிழமையானால் பீரங்கியைப் படம் பிடிக்கப் போகிறீர். மாமிசம் உண்ணேன் என்பவர் கசாப்புக்கடையைச் சுற்றிச் சுற்றி வருவது போலல்லவா இருக்கிறது?” என்றார். இக்கேள்வி எளிதில் தள்ளக்கூடியதன்று. விளையாட்டுத்தானே என்று சொல்லித் தப்புவதற்கும் வழியில்லை. சதுரங்கம் என்ற பெயரே யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைச் சேனையைக் குறிப்பது. 1824-இல் பிரஷ்ய தேசத்துப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர் தம் தந்தையார் தொடங்கியதைத் திருத்தி ஒரு போர் விளையாட்டை அமைத்தார்; அதைக் கொண்டே அந்நாட்டுப் படைத் தலைவர்கள் பழக்கப்பட்டனர். பலகையின் மேல் செத்த கட்டைகளுக்குப் பின்னர் மண்ணின் மேல் மனிதர்கள் செத்தார்கள். மறுபுறம், எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில ஆசிரியர் 1913-இல் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு தரையில் ஆடும் விளையாட்டொன்றுக்கு விதிகள் எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். மெய்யான போரைக் காட்டிலும் இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. மறு ஆண்டே ஐரோப்பா முழுவதும் தீப்பற்றிக்கொண்டது. அவருடைய பொம்மைகள் அதைத் தடுக்கவில்லை, மூட்டவும் இல்லை.

அந்தத் தீயின் ஒரு பொறி பினாங்குக்கும் வந்தது. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். அன்றுமுதல் எம்டன் என்பது தமிழில் ஒரு சொல்லாகவே ஆயிற்று. எங்கள் தோட்டத்தில் கண்டிப்பான கங்காணிக்கு அந்தப் பெயரை வைத்தவர்களுள் பலருக்கு அது ஒரு கப்பலின் பெயர் என்பதே தெரியாது. சென்னையை விட்டகன்ற அக்கப்பல், அக்டோபர் 28-ஆம் நாள் விடியுமுன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். கப்பித்தான் முல்லர் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தி, ஆங்கிலக் கப்பல் என்று காண்போர் நினைக்கும்படி செய்திருந்தார். துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்ற ருஷியப் போர்க்கப்பலின் தலைவர் அன்றிரவு கரையில் தங்கிவிட்டார். சில நிமிஷங்களில் அக்கப்பல் மூழ்கியது. திரும்பிப் போகும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்து, நீரில் தத்தளித்தவர்களைத் தூக்கி ஏற்றிக்கொண்டது. நவம்பர் 9-ஆம் நாள் கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதனை முடித்தது.

வெஸ்நோத்தில் நாமே களம் வரைந்துகொள்வதற்கு ஒரு கருவி உண்டு. அதைக்கொண்டு பினாங்குக் கால்வாயைக் கட்டங் கட்டமாக நான் வரைந்து வருகிறேன். இருளிலிருந்து விடியலுக்கு மாறும் அந்த ஒரு பொழுதில் எல்லாம் நடந்து முடியவேண்டும். விளையாட்டின் பொழுது விதி அதற்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. ஆனால் ஓர் இடத்தில் இடறுகிறது. கரையில் தங்கிவிட்ட தலைவரை நான் விளையாட்டில் எங்கே வைப்பது? தலைவன் களத்தில் இல்லாவிட்டால் அவ்விளையாட்டின் விதிப்படி ஆட்டமே இல்லை. மெய்யான போரில் தலைவன் தூங்குவான், சாவது மாலுமி. வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அந்த மாலுமிகளுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதை நான் ஏழெட்டுத் தடவை படமெடுத்திருக்கிறேன். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும்படி காலை வெயில் சாய்ந்தடிக்கும் வேளையே அதற்கு ஏற்றது.

புகைப்படத்துக்கு வந்துவிட்டோம். என் காமிரா பிறர் கைமாறி வந்த பழைய பொருள். பட்டர்வொர்த்திலிருந்து பெரியில் ஏறி ஜார்ஜ் டவுனில் இறங்கினால் கூப்பிடு தூரத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. பிரான்சிஸ் லைட் 1786-இல் வந்திறங்கி நிபோங் மரத்தால் வேலி கட்டிய இடம். பின்னர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் கல்லும் செங்கல்லும் சுமந்து இப்போதுள்ள கோட்டையைக் கட்டினர். இதில் வேடிக்கை என்னவென்றால், பகைவனை நோக்கி ஒரு போரும் செய்யாமலே இக்கோட்டை கிழடாகிவிட்டது. அங்கேயுள்ள ஸ்ரீ ரம்பை என்னும் பீரங்கி 1603-இல் டச்சுக்காரர் வார்த்தது. ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று கைமாறி ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தது. பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் அதன் வாயிலே பூச்செருகுவது வழக்கமாயிருந்தது. மூடப்பழக்கம் என்று நம்மவர் சீறுவார்கள். பீரங்கி பிள்ளை கொடாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் குண்டைச் செருகுவதைவிடப் பூவைச் செருகுவது எவ்வளவோ நாகரிகம் என்று சொல்ல அனுமதிப்பீர்களாக.

பத்து மாவுங் குன்றின் மேலே 1930-களில் ஆங்கிலேயர் கட்டிய பாதுகாப்பு அரண், 2002 முதல் பொருட்காட்சிச் சாலையாக இருக்கிறது. சுரங்கங்களும் பீரங்கிக் குழிகளும் கடலைப் பார்த்த வண்ணம் காத்திருந்தன. ஜப்பானியரோ 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கிழக்குக் கரையில் கோத்தா பாருவில் இறங்கினர். 11-ஆம் நாள் ஆகாயமார்க்கமாக ஜார்ஜ் டவுன் மேல் குண்டு வீசினர். வேடிக்கை பார்க்க வீதிக்கு வந்து அண்ணாந்து நின்ற ஜனங்கள் கொத்துக் கொத்தாய் மாண்டனர். சில நாளில் வெள்ளையர் தம் குடும்பங்களோடு ஓசையின்றிக் கப்பலேறிவிட்டனர். பிற ஜாதியார் கைவிடப்பட்டனர். ஊரில் பாதுகாப்பு ஏதுமில்லை, ஆனால் கோட்டையில் ஆங்கிலக் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது; குண்டும் விழுந்துகொண்டிருந்தது. அப்பொழுது ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியராயிருந்த மாணிக்கசோதி சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர் கோட்டைக்குப் போய்க் கொடியை இறக்கி, வெள்ளைக் கொடியை ஏற்றினார். பினாங்கில் படை இல்லை என்று வானொலியிலும் அறிவிக்கச் செய்தார். டிசம்பர் 19-ஆம் நாள் ஜப்பானியர் நகருக்குள் வந்தனர். நான் ஆடும் எல்லா விளையாட்டுக்களிலும் கொடியை இறக்குகிறவன் தோற்றவன். ஆட்டம் அத்தோடு முடிந்தது. பினாங்கில் கொடியை இறக்கியவர் எத்தனை உயிர்களைக் காத்தார்! அந்தக் கொடிமரத்தைப் படமெடுக்கும்பொழுதெல்லாம், வெள்ளைக்கொடி ஏற்றும் நகர்த்தலுக்கு மதிப்பெண் தரும் விளையாட்டை இன்னும் ஒருவரும் செய்யவில்லையே என்று எண்ணிக்கொள்வேன். மூல நிரல் திறந்துதான் கிடக்கிறது.

இப்போதைய படைகளைப் படமெடுப்பதில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. பட்டர்வொர்த் விமானத்தளத்திலிருந்து ஹார்னெட் விமானங்கள் எழும்பும் ஓசையில் எங்கள் ஆபீஸ் ஜன்னல்கள் அதிரும். வேலியோரம் சிவப்புப் பலகை உண்டு. துப்பாக்கி நீட்டிய சிப்பாயின் உருவமும், கைதூக்கி நிற்பவன் உருவமும் எழுதியிருக்கும். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது தடை செய்யப்பட்ட இடம். மெருகேறிய இரும்பு காமிராவுக்கு மிக அழகாயிருக்கும் என்பதே எனக்கு அதன் மேலுள்ள குறை. வெயில் பட்டால் துப்பாக்கியும் வீணையைப் போல் மின்னுகிறது. தைப்பிங்கிலுள்ள போர்க் கல்லறைகள் அப்படியல்ல. ஒரு சாலை நடுவே ஓட, ஒருபுறம் கிறிஸ்தவருக்கும் மறுபுறம் இந்திய, கூர்க்காப் படையினருக்குமாக 800-க்கு மேற்பட்ட கல்லறைகள். பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்களுடையவை. அங்கே எவ்வளவு முயன்றாலும் படம் அலங்காரமாக வருவதில்லை. என் தோழரை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றேன். கசாப்புக்கடை என்று அதன்பின் அவர் சொல்லவில்லை. சம்மதித்துவிட்டார் என்றும் நான் சொல்லமாட்டேன்.

என் பாட்டி இவ்விஷயத்தில் சொன்னது வேறு. அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். 1943-இல், பதினேழு வயதில், சயாம் ரயில் பாதை போடுவதற்குத் தோட்டத்திலிருந்து கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு 60,000-க்கு மேற்பட்ட வெள்ளைக் கைதிகளை ஜப்பானியர் கொண்டுபோயினர். 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாய்ப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரவர். காலராவிலும் மலேரியாவிலும் செத்தவர்களைக் காட்டிலே குழிதோண்டித் தள்ளினர், அல்லது எரித்தனர். எண்ணி எழுதிவைக்க அங்கே ஆளில்லை.

போகும்பொழுது எழுதிவைக்க ஆளிருந்தது. இத்தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று உத்தரவு வரும். பட்டியல் போட்டுக் கொடுத்தவர்கள் தோட்டத்து உத்தியோகஸ்தர்கள். ஆபத்துக்குப் பயந்து எழுதினவர் உண்டு, வேண்டாதவனைத் தள்ளிவிட எழுதினவரும் உண்டு. நான் உட்கார்ந்திருப்பது அந்த நாற்காலியின் வமிசத்தில் வந்த நாற்காலி. விளையாட்டில் ஒரு காலாளை முன்னே தள்ளி, பகைவன் அவனைக் கொன்று தீர்க்கும் இடைவெளியில் மற்றவர்களைத் தப்புவிப்பது நல்ல தந்திரம். நானே அதைச் செய்வேன். ஒருநாள் பாட்டி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “அந்தப் பையனை ஏன்டா ஐயா அனுப்பினே?” என்று கேட்டார். ஆங்கிலப் பள்ளியில் படித்த தர்க்கமெல்லாம் எனக்கு அப்பொழுது உதவவில்லை. விளையாட்டை நான் விட்டுவிடவில்லை. அதற்குப் பிறகு காலாட்களுக்குப் பெயர் வைத்து ஆடுகிறேன். வெஸ்நோத்தில் அதற்கு வசதி உண்டு. ஆட்டம் இதனால் மெதுவாகிவிட்டது. சில சமயம் தோற்கவும் செய்கிறேன்.

எஸ்பிளனேடில் 1929-இல் கட்டிய போர் நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. உலக யுத்தங்களோடு சயாம் ரயில் பாதையின் பெயரும் அதன் பலகைகளில் ஒன்றில் பொறிக்கப்பட்டுள்ளது. அதைப் படமெடுத்துப் பெரிதாக அச்சிட்டுப் பாட்டியிடம் கொடுத்தேன். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. விரலால் தடவிப் பார்த்து, “அண்ணன் பேரு எங்கே இருக்கு?” என்றார். இல்லை என்றேன். படத்தை மடிக்காமல் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவர் காலமானபின் அது என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

அண்ணனுடைய படம் ஒன்றுகூட எங்கள் குடும்பத்தில் இல்லை. இக்காரணத்தால் என் காமிரா இப்பொழுது வேறொரு களத்துக்கும் போகிறது. தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கத்தைப் பெரட்டு என்பர். பெரேட் என்ற பட்டாளத்து ஆங்கிலச் சொல்லை நம் பாட்டன்மார் நாவிலிட்டு உருட்டியது. இன்று அந்த வரிசையில் தமிழர் சிலரே. வங்காள தேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளிகளும் நிற்கின்றனர். பெயர் கூப்பிட்டு முடிந்தபின், விரும்புகிறவர்களை ஒவ்வொருவராகப் படமெடுத்து, பின்புறத்தில் பெயரும் ஊரும் தேதியும் எழுதி ஒரு பிரதி அவரிடமும் ஒரு பிரதி என்னிடமுமாக வைக்கிறேன். சென்ற வாரம் வங்காள தேசத்து இளைஞர் ஒருவர், தாயாருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று வந்தார். குலை வெட்டும் நீண்ட அரிவாளைத் துப்பாக்கியைப் போல் தோளில் சாத்தி, குதிகால் இரண்டையும் சேர்த்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். சாதாரணமாக நில்லுங்கள் என்று மலாயில் சொன்னேன். அவர் அரிவாளைக் கீழே வைத்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்து எடுத்தேன்.